ஓராண்டுக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, தோழர்களே!

சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய், "உங்களுக்கு இல்லை" என்ற ஒற்றைப் பேச்சோடு வீடு திரும்பிய தம்பிகளே, தங்கைகளே! வேலையில் சேர்ந்து, தெருவுக்குத் தெரு முகவரி மனப்பாடமான பிறகு, 'தேர்வு மறுஆய்வு செய்யப்பட்டது' என்று மெமோ வாங்கிய தோழர்களே! இருபது வருடம் இ.டி. என்கிற கிராமிய அஞ்சல் ஊழியராகவே காலம் தள்ளி, தபால்காரர் பட்டியலில் இந்த முறையாவது பெயர் வருமா என்று பார்த்திருக்கும் மூத்தவர்களே!

இதைப் படித்து முடித்த கையோடு ஒரு வேலை செய்யுங்கள். உங்களை மறுத்த தேதி எது, வேலையிலிருந்து நீக்கிய தேதி எது, மேல்முறையீடு அனுப்பிய தேதி எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கிராமிய அஞ்சல் ஊழியர் வேலைக்கான தகுதி, தேர்வு, நியமனம் பற்றிய எந்தத் தகராறும் முதலில் போக வேண்டிய இடம் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். அந்தத் தீர்ப்பாயத்தை உண்டாக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆவது பிரிவு நமக்கு ஓராண்டுதான் கொடுக்கிறது. இறுதி ஆணை வந்த நாளிலிருந்து ஓராண்டு. மேல்முறையீடு அனுப்பி ஆறு மாதம் பதிலே வராவிட்டால், அந்த ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து ஓராண்டு. அதற்குப் பிறகு போனால், தாமதத்துக்குக் காரணம் சொல்லி, தீர்ப்பாயம் அதை ஏற்றுக்கொண்டால்தான் உள்ளேயே விடுவார்கள். உங்கள் வழக்கில் நியாயம் மலையளவு இருக்கலாம். அதை யாரும் எடை போட்டுப் பார்க்கும் முன்பே கோப்பு மூடப்பட்டுவிடும்.

நம் ஆட்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மனு மேல் மனுவாக அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கோட்டக் கண்காணிப்பாளருக்கு ஒன்று, வட்டத் தலைமை அஞ்சல் அதிகாரிக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று, பிறகு தொகுதி எம்.பி.க்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை அட்டை வருகிறது, நம்பிக்கையும் வருகிறது. கெடு மட்டும் நிற்பதில்லை. தமிழ்நாட்டுப் புவியியல், சுரங்கத் துறையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் ஏறத்தாழ 18 ஆண்டு கழித்து மனுக் கொடுத்த சி. ஜேக்கப் வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: காலம் கடந்த மனுவுக்குத் துறை பதில் எழுதினாலும், செத்துப்போன உரிமை அந்தப் பதிலால் உயிர் பெறாது. மனு அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு மனு, முறையான அதிகாரிக்கு, பதிவு செய்த விரைவுத் தபாலில். அதற்குப் பிறகு மனுவை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இந்த வேலைக்கா இவ்வளவு சண்டை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டில் சுமார் 1,64,000 அஞ்சலகங்கள். அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு கிராமத்தில். அந்தக் கிளை அஞ்சலகங்களைத் திறந்து வைத்திருப்பவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கிராமிய அஞ்சல் ஊழியர்கள். கிளை அஞ்சல் அதிகாரிக்குத் தொடக்கப்படி 12,000 ரூபாய், உதவிக் கிளை அதிகாரிக்கும் டாக் சேவக்குக்கும் 10,000 ரூபாய், அதன்மேல் பஞ்சப்படி. அதுகூட 2018 மே 22 தொடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் நாடு முழுக்கக் கிளை அஞ்சலகங்களை மூடிப்போட்டுப் போராடிய பிறகு கிடைத்தது. ஆனால் ஒரு பெண் பிள்ளை, பத்தாவது படித்துவிட்டு, ஊரைவிட்டுப் போகாமல், யாரிடமும் காசு கொடுக்காமல், எழுத்துத் தேர்வுக்குப் பயிற்சி மையத்தில் பணம் கட்டாமல், தன் மதிப்பெண்ணை மட்டும் நம்பி வாங்கக்கூடிய மத்திய அரசு வேலை இந்த நாட்டில் எத்தனை இருக்கிறது? 2024 ஜூலை அறிவிக்கையில் மட்டும் 44,228 இடங்கள், தமிழ்நாட்டுக்கு 3,789. 2025 தொடக்கத்து அறிவிக்கையில் 21,413 இடங்கள், தமிழ்நாட்டுக்கு 2,292. அந்த ஒவ்வொரு இடத்துக்குப் பின்னாலும் ஒரு வீட்டின் அடுப்பு இருக்கிறது. அதனால்தான் சண்டை.

இந்தச் சண்டைக்கு ஒரு வரலாறு உண்டு. புதிதாக வருகிற தோழர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று நாம் தீர்ப்பாயத்தின் படி ஏறுகிறோம் என்றால், அந்தப் படியைக் கட்டியவர்கள் நம்மைப் போன்ற இ.டி. ஊழியர்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் கிராமத்துத் தபாலைப் பள்ளி வாத்தியாரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் ஒப்படைத்தார்கள். மாதம் ஏதோ ஒரு படி. அவர்கள் துறைக்கு வெளியே நிற்கும் ஏஜெண்டுகள், ஊழியர்கள் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது. 1964ஆம் ஆண்டு விதிகள் நம்மை 'எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல் ஏஜெண்ட்' என்றன. ஏஜெண்ட்தானே, நாளைக்கு வராதே என்றால் முடிந்தது, விசாரணை எதற்கு என்பதுதான் துறையின் வாதம். 1977 ஏப்ரலில், கேரளத்திலிருந்து போன ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. இது அரசின்கீழ் உள்ள ஒரு பதவி. வழக்கமான பணித் தொகுதிக்கு வெளியே இருந்தாலும் சிவில் பதவிதான். அரசியல் சாசனத்தின் 311ஆவது உறுப்புத் தரும் பாதுகாப்பு இவர்களுக்கும் உண்டு. அன்றைக்கு அது பணிநீக்கத்தைப் பற்றிய தீர்ப்பு. ஆனால் அதன் வீச்சு அதோடு நிற்கவில்லை. மத்திய அரசின் சிவில் பதவிக்கான ஆள்தேர்வு முழுவதும் தீர்ப்பாயத்தின் அதிகார எல்லைக்குள் வருகிறது. அந்தப் பதவியில் இருப்பவர் மட்டும் அல்ல, அதற்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவரும் போகலாம். சரிபார்ப்பு மேசையில் திருப்பி அனுப்பப்பட்ட தங்கையே, உனக்கு வழக்குப் போடும் தகுதிக்கு அந்த 1977 தீர்ப்புதான் அடிப்படை.

அடுத்தது சொத்துக் கதை. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்றைய அநியாயங்களின் வேர் அதில் இருக்கிறது.

இது அரைநாள் வேலை, படியும் குறைவு, எனவே இதை நம்பி வாழாமல் வேறு வருமானமும் உள்ளவராக ஆள் இருக்க வேண்டும் என்று விதியில் எழுதி வைத்தார்கள். கேட்கும்போது அக்கறை போலத்தான் இருக்கும். நடைமுறையில் என்ன ஆயிற்று? மதிப்பெண்ணில் முதலிடத்தில் நிற்கும் கூலிக்காரர் மகளுக்கு வேலை இல்லை. மூன்றாவதாக நிற்கும் நிலக்காரர் மகனுக்கு வேலை. பட்டா யார் பேரில், வருமானச் சான்றில் எவ்வளவு, வீடு ஓடா மச்சா என்று பார்த்துத் தபால் அதிகாரியைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண்களுக்கு இதில் விழுந்த அடி தனி. நிலம் இருக்கிற வீட்டிலும் அது அப்பன் பேரில், அண்ணன் பேரில், கல்யாணம் ஆனால் புருஷன் பேரில். தன் பேரில் சொத்து எந்தப் பெண்ணுக்கு இருந்தது? சேரியில் யாருக்கு இருந்தது? இட ஒதுக்கீட்டில் வந்தவரையும் சொத்து இல்லை என்று வெளியே தள்ள அந்த ஒரு வரி போதும்.

தீர்ப்பாயத்தின் அமர்வுகள் இதில் ஆளுக்கொரு விதமாகத் தீர்ப்புச் சொன்னதால், விஷயம் பெங்களூரில் முழு அமர்வுக்குப் போயிற்று. லட்சுமணா வழக்கு என்று நம்மவர்கள் இன்றும் சொல்வார்கள். பெல்லாரிக் கோட்டத்தை எதிர்த்துத் தொடுத்தது. போதிய வருமானம், சொத்து என்பது இந்த வேலைக்கு முன்நிபந்தனையும் இல்லை, முன்னுரிமைக்கான காரணமும் இல்லை என்று அந்த முழு அமர்வு தீர்த்துச் சொன்னது. மதிப்பெண்தான் அளவுகோல். இன்று நீங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் பதிவேற்றிவிட்டு வேலைக்காகக் காத்திருக்க முடிகிறது என்றால், அதற்கு முன்னால் சொத்துப் பத்திரம் இல்லாதவர்கள் பலர் அமர்வுக்கு அமர்வு வழக்காடியிருக்கிறார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அழைப்பு என்றிருந்த வழக்கமும் அப்படியே உடைந்தது. 1996இல் விசுவேஸ்வர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்டியல் கேட்பதோடு பொது அறிவிப்பும் செய்ய வேண்டும், தகுதியுள்ள எவரையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. உள்ளூர்க்காரர்தான் விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனையும் நிற்கவில்லை. வசிப்பிடத்தைக் காரணம் காட்டி அரசு வேலை மறுக்கக் கூடாது என்று சாசனத்தின் 16ஆவது உறுப்பு சொல்கிறது. தேர்வான பிறகு அந்த ஊரில் வந்து குடியிருக்க வேண்டும், அவ்வளவே. அஞ்சலகம் நடத்த இடம் காட்ட வேண்டியதும் தேர்வுக்குப் பிறகுதான். இதை மறந்து, விண்ணப்பிக்கும்போதே ஊரில் வீடு இருக்கிறதா என்று யாராவது கேட்டால், கேள்வியை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். இணையவழி விண்ணப்பம், கணினி தயாரிக்கும் தகுதிப் பட்டியல், நாலு தசமம் வரைக்கும் சதவீதம். கை நுழைய வழியில்லை என்று சொல்கிறார்கள். பழைய காலத்துக்கு இது எவ்வளவோ மேல். அதை மறுக்க மாட்டேன். ஆனால் கணினிக்குள் போகும் கணக்கு எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

தரப்புள்ளி மட்டும் உள்ள சான்றிதழை 9.5ஆல் பெருக்கிச் சதவீதமாக்குகிறார்கள். அப்படியானால் பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளைக்கும் 95தான் உச்சம். பக்கத்து வீட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் 500க்கு 485 வாங்கிய பிள்ளைக்கு 97. பட்டியல் நூறை ஒட்டி முடிகிற இடத்தில் இந்த இரண்டு சதவீதம் உயிர்போகிற வித்தியாசம். மதிப்பெண்ணும் தரப்புள்ளியும் இரண்டும் உள்ள சான்றிதழில் ஒருவர் எதைப் பதிவு செய்தார், சரிபார்ப்பில் எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதில் வரும் தகராறுகள் தனி.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. 2021இல் பத்தாவது முடித்த பிள்ளைகள். கொரோனாவால் பொதுத்தேர்வே இல்லை என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அனைவரும் தேர்ச்சி. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் சான்றிதழில் மதிப்பெண் இல்லை, 'தேர்ச்சி' என்ற சொல் மட்டும். தேர்வு எழுத மாட்டேன் என்று எந்தப் பிள்ளையும் சொல்லவில்லை. அரசு சொன்னபடி வீட்டில் உட்கார்ந்தார்கள். இன்று அவர்களுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. மதிப்பெண்ணே அளவுகோல் என்கிற ஒரு தேர்வில் மதிப்பெண் அச்சிடப்படாத சான்றிதழுடன் நிற்கிறார்கள். லட்சக்கணக்கானவர்களின் ஒரு முழு ஆண்டு வகுப்பு. அவர்களை எந்த அளவில் நிறுத்துவது என்று அறிவிக்கையிலேயே, விண்ணப்பம் திறக்கும் முன்பே, ஒரு சமமான விதி எழுதப்பட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணா, அந்த ஆண்டு மாணவர்களுக்குத் தனி முறையா? எதுவானாலும் பேசித் தீர்க்கலாம். பேசாமல் விடுவதுதான் கூடாது. சமமானவர்களைச் சமமின்றி நடத்துவது 14ஆவது உறுப்புக்கு விரோதம் என்றால், தேர்வு எழுத வாய்ப்பே தரப்படாதவரைத் தேர்வு எழுதியவரோடு ஒரே தட்டில் நிறுத்துவதும் விரோதம்தான். இந்தப் பிள்ளைகள் தனித்தனியாக வழக்குப் போடக் கூடாது, தோழர்களே. இவர்களுக்கு ஒரே வழக்கு, பொதுவான வழக்கு வேண்டும். அதைத் தொடுப்பது சங்கத்தின் கடமை. இந்த அறைகூவலில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்து, காரணம் சொல்லாத மறுப்பு. நம்மிடம் உதவி கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் மறுப்புக் காகிதமே இருப்பதில்லை. "சார் வாயால சொன்னாரு" என்கிறார்கள். வாயால் சொன்னதை எதிர்த்து எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போவது? எனவே அந்த மேசையை விட்டு எழும் முன்பே கேளுங்கள்: எந்தச் சான்றிதழ் செல்லாது, எந்த விதிப்படி, எழுதிக் கொடுங்கள் ஐயா. தரவில்லையா? அன்று மாலையே அதே அலுவலகத்துக்குப் பதிவு செய்த விரைவுத் தபாலில் கடிதம் போடுங்கள். கூடவே பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதல் மேல்முறையீடு. இதில் ஒரு பலம் இருக்கிறது. ஓர் ஆணை அதில் எழுதிய காரணங்களால்தான் நிற்க வேண்டும், பிறகு வழக்கு வந்ததும் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணங்களைச் சேர்த்து முட்டுக்கொடுக்கக் கூடாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் அவர்களின் காரணத்தை முதல் நாளே காகிதத்தில் பிடித்துவைக்க வேண்டும்.

பட்டியலில் பெயர் வந்துவிட்டாலே வேலை உரிமையாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 1991இல் சங்கர்சன் தாஷ் வழக்கில் அரசியல் சாசன அமர்வு, தேர்வுப் பட்டியலில் இருப்பதாலேயே நியமனம் கேட்க முடியாது என்றது. அதே மூச்சில், அதற்காக அரசு தன் இஷ்டத்துக்கு நடக்க உரிமமும் கிடையாது என்றது. அந்த இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 7 அன்று தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இன்னொரு கதவைத் திறந்திருக்கிறது: ஆள்தேர்வு தொடங்கிய பிறகு, விதியோ விளம்பரமோ இடம் தராதபோது, தகுதி நிபந்தனையை நடுவில் மாற்றக் கூடாது. விண்ணப்பம் வாங்கும்போது இல்லாத ஒரு நிபந்தனை சரிபார்ப்பில் முளைத்தால் அந்தத் தீர்ப்பு உங்கள் கையில் இருக்கிறது. அறிவிக்கை வந்த அன்றே அதை முழுதாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இணையதளத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

வேலையில் சேர்ந்து மூன்று ஆண்டு முடியாத தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூன்று ஆண்டு தொடர்பணி முடிக்காதவரை எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து நிறுத்தலாம் என்று விதி இருக்கிறது. யாரோ ஒருவர் மொட்டைக் கடிதம் போடுவார். மேலதிகாரி கோப்பை வரவழைத்துத் தேர்வில் பிழை என்பார். உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் இந்த விதியில் முடித்துவிடுவார்கள். திலக் தாரி யாதவ் வழக்கில் தீர்ப்பாயத்தின் அலகாபாத் முழு அமர்வு இதைத் தடுத்திருக்கிறது. வேலை சரியில்லை என்பது அல்லாத வேறு காரணத்துக்காக, விளக்கம் கேட்காமல், நியமனத்தை ரத்துசெய்ய அந்த விதி அதிகாரம் தராது. விளக்கக் கடிதம் கேட்டு வந்தால் அலட்சியமாக "நான் தவறு செய்யவில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பாதீர்கள். அந்தப் பதில்தான் பிறகு உங்கள் வழக்கின் அஸ்திவாரம். சங்கத்திடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

தோற்ற வழக்குகளையும் சொல்லியாக வேண்டும். 2016இல் நஜிதாமோள் வழக்கில், கிராமிய ஊழியர் தபால்காரராவது பதவி உயர்வு அல்ல, நேரடி நியமனமே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 நவம்பரில் கந்திபா பெஹெரா வழக்கில், கிராமிய ஊழியராகச் செய்த சேவையை நிரந்தரப் பணியின் ஓய்வூதியக் கணக்கில் சேர்க்க முடியாது என்றது. ஒரு மனிதர் முப்பது வருடம் தபால்பை சுமந்துவிட்டு, கடைசியில் எட்டு ஒன்பது வருடம் நிரந்தர ஊழியராக இருந்தால், அந்த எட்டு ஒன்பதுதான் கணக்கு. பத்து ஆகவில்லை என்று ஓய்வூதியம் இல்லை. இந்தத் தீர்ப்புகள் எனக்கு உடன்பாடில்லாதவை. ஆனால் நீதிமன்றம் விதியில் எழுதியிருப்பதைத்தான் படித்தது. விதியை மாற்றாமல் நீதிமன்றத்தில் மட்டும் வெல்ல முடியாத சண்டைகள் உண்டு. அவற்றுக்குத் தெரு வேண்டும், நாடாளுமன்றம் வேண்டும், வேலைநிறுத்தம் வேண்டும். எதை எங்கே எடுத்துப் போவது என்று பிரித்தறிவதில்தான் நம் பலம் வீணாகாமல் இருக்கும்.

2019 ஜூலையை நினைத்துப் பாருங்கள். அஞ்சல் துறைத் தேர்வை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடத்தினார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு, முடிவை வெளியிடத் தடை. மாநிலங்களவையில் தமிழக உறுப்பினர்களின் அமளி. ஜூலை 16 அன்று தேர்வே ரத்து, தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் மறுபடி நடத்தப்படும் என்று அமைச்சர் அறிவித்தார். வழக்கும் வீதியும் மன்றமும் ஒரே வாரத்தில் ஒன்றாகச் சேர்ந்ததால் வந்த வெற்றி அது.

மொழி என்றதும் இன்னொன்று. உள்ளூர் மொழியைப் பத்தாம் வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்பது தேர்வு நிபந்தனை. கிழவிக்கு மணியார்டர் கொடுத்து, வந்த கடிதத்தைப் படித்துக் காட்டி, கைரேகை வாங்கிப் பணம் தரும் வேலைக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது முழு நியாயம். போலிச் சான்றிதழோடு அந்த நிபந்தனையைத் தாண்டி வருபவர் யாராக இருந்தாலும் எதிர்ப்போம். 2024இல் ஒடிசாவில் கிராமிய ஊழியர் தேர்வில் போலிச் சான்றிதழ்கள் என்று சி.பி.ஐ. சோதனை நடத்தியது நினைவிருக்கும். ஏமாற்றி வாங்கிய நியமனத்துக்குச் சட்டத்தில் பாதுகாப்பே இல்லை. ஆனால் வெளிமாநிலத்தில் பிறந்து, முறையாகத் தமிழ் படித்து, முறையாகத் தேர்வான பிள்ளையைப் பெயரை வைத்துச் சந்தேகிக்கும் பேச்சு நம் வாயில் வரக் கூடாது. அந்தப் பேச்சில் இறங்கினால் போலிச் சான்றிதழ் தயாரிக்கும் தரகன் தப்பிவிடுவான். தரகன் நம் ஊர்ப் பெயரோடும் இருப்பான்.

இனி செய்ய வேண்டியது.

ஒவ்வொரு கோட்டத்திலும் இந்த வாரமே மூன்று பேர் கொண்ட சட்டக்குழு அமையட்டும். ஒருவர் விதிப் புத்தகம் தெரிந்த மூத்தவர், ஒருவர் கணினி தெரிந்த இளையவர், மூன்றாமவர் கட்டாயம் ஒரு பெண் தோழர். ஊர் ஊராக மறுக்கப்பட்டவர்களைத் தேடிப் போகட்டும். அவர்கள் நம்மைத் தேடி வர மாட்டார்கள். அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், 'நம்ம விதி' என்ற எண்ணம் ஒரு பக்கம். விண்ணப்ப நகல், அறிவிக்கை, வெளியான பட்டியலில் நம் ஆளின் பதிவெண்ணும் தேர்வானவரின் பதிவெண்ணும் சதவீதமும் உள்ள பக்கம், குறுஞ்செய்தி, மின்னஞ்சல், சரிபார்ப்புக்குப் போன நாளின் பஸ் டிக்கெட்கூட. எல்லாம் ஒரே உறையில்.

ஒரே மாதிரியான குறை உள்ளவர்களைச் சேர்த்து ஒரே மனுவாகத் தாக்கல் செய்யும் வழி தீர்ப்பாய விதிகளில் உண்டு. அனுமதி கேட்டுப் பெற வேண்டும். தீர்ப்பாயக் கட்டணம் ஐம்பது ரூபாய்தான். வழக்கறிஞர் செலவுக்குப் பயந்து நிற்கும் தோழர்களே, பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குள் வருபவர்கள் ஆகிய எல்லோருக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உரிமை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. நேரே போய்க் கேளுங்கள். இன்னொரு கவனம்: உங்கள் இடத்தில் நியமிக்கப்பட்டவரை எதிர்த்தரப்பில் சேர்க்காமல் வழக்குப் போட்டால், அந்த ஒரு குறையிலேயே அது தள்ளுபடியாகலாம். அவர் நமக்கு எதிரி இல்லை. அவரும் ஒரு கூலி வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம். அவரை வைத்துக்கொண்டே, காலியாக இருக்கும் வேறோர் இடத்தில் எனக்கும் வேலை கொடு என்று மாற்று நிவாரணம் கேட்கவும் மனுவில் இடம் விடுங்கள்.

தீர்ப்பாயத்தில் தோற்றால் முடிந்துவிட்டது என்று கோப்பைக் கட்டிவைக்க வேண்டாம். 1997இல் சந்திரகுமார் வழக்கில் வந்த தீர்ப்பால் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு நமக்குத் திறந்திருக்கிறது.

மாநிலம் முழுக்க நாம் ஒரே குரலில் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. மறுக்கப்படும் ஒவ்வொருவருக்கும் காரணத்தோடு, விதி எண்ணோடு, எழுத்துமூல ஆணை. மதிப்பெண் இல்லாத, தரப்புள்ளி மட்டும் உள்ள சான்றிதழ்களுக்கு நியாயமான, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கணக்கு. சரிபார்ப்பில் விழுந்தவர் இடம் யாருக்குப் போயிற்று என்பதைக் காட்டும் திறந்த பட்டியல். இவற்றில் ஒன்றுகூட அரசுக்குக் காசு செலவு வைக்காது.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு, உங்கள் கோட்டத் தலைமை அஞ்சலகம் இருக்கும் ஊரில் கூடுங்கள். சங்க அலுவலகம் இருந்தால் அங்கே, இல்லையென்றால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை போதும். மறுக்கப்பட்ட ஒருவரையாவது கூட்டிக்கொண்டு வராமல் யாரும் வர வேண்டாம். வரும்போது ஒப்புகை அட்டைகளை எடுத்து வாருங்கள். முதலில் தேதிகளைத்தான் பார்க்கப் போகிறோம். ஓராண்டு முடிய இரண்டு மாதத்துக்குள் இருப்பவர்களின் மனுக்களை அன்றைக்கே, அங்கேயே உட்கார்ந்து எழுதத் தொடங்குவோம்.